தங்கராசுவை வெட்ட வேண்டாம்

1

இங்கிலாந்தின் வடக்கே இந்தச் சின்ன ஊருக்கு நாங்கள் வந்து இந்த மாதத்தோடு பதினோரு ஆண்டு ஆகிறது. இத்தனை நாளில் என்ன சாதித்தாய் என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எந்த இடத்தில் பெரிய எழுத்துப் போட வேண்டும் என்பது இப்போதுதான் எனக்கு முழுதாகப் பிடிபட்டிருக்கிறது. பிடிபட்ட கையோடு அதை வைத்து ஒரு கடிதமும் எழுதினேன். அதைப் படித்துவிட்டு நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். ஊரில் இருப்பவர்கள் தொலைபேசியில் விசாரிக்கும்போதெல்லாம் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி எனக்கே கதை குழம்பிவிட்டது. அதனால் ஒருமுறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றி. இங்கே வேலைக்கு வந்தது நானல்ல, என் மனைவி சரோசா. எங்கள் கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; ஆலத்தூர் நாட்டில் பிறந்து, மலையிறங்கிப் போய்ச் செவிலியர் படிப்புப் படித்து, தேர்வு மேல் தேர்வு எழுதி இங்கே ஆஸ்பத்திரி வேலை வாங்கியவள். நான் அவளுடைய விசாவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தவன். விண்ணப்பத்தில் எனக்குச் 'சார்ந்திருப்பவர்' என்று பெயர். அப்போது மூன்று வயதான எங்கள் மகள் நிலாவுக்கும் அதே பெயர்தான். தேவனூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் போட்டு, நாலு ஆளை வேலை வாங்கிக்கொண்டிருந்தவன், விமானம் ஏறியதும் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சமமாகிப்போனேன். விமானம் குலுங்கியபோது நிலாவாவது அழாமல் இருந்தாள்.

என் முழுப்பெயர் தங்கராசு. அவ்வளவுதான், முன்னும் பின்னும் ஒன்றும் இல்லை. இங்கே உள்ள கணினிகளுக்கு அது போதவில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் அவை நகராது. ஆகவே ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர் இருக்கிற பெயரையே இரண்டாம் முறையும் தட்டிவிட்டார். அன்றிலிருந்து எல்லா அட்டையிலும் நான் தங்கராசு தங்கராசு. "ஒரு தங்கராசுவுக்கே சோறு போட்டு மாளலீங்க" என்றாள் சரோசா.

2

நம் எழுத்தில் பெரியது, சின்னது என்று கிடையாது. மாவட்ட ஆட்சியருக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் ஒரே 'ம'தான். ஆங்கிலத்தில் அப்படியில்லை என்று செம்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் நாலு கோடு நோட்டில் எழுதும்போதே சொல்லிக்கொடுத்தார்கள். பெரிய எழுத்து மேல் கோட்டைத் தொட வேண்டும். எங்கே போடுவது என்று வாத்தியார் சொன்ன அன்று நான் மலைத்தேன் எடுக்கப் போயிருந்தேனோ என்னவோ, நானாக ஒரு விதியை வைத்துக்கொண்டேன். பெரிய மனிதருக்குப் பெரிய எழுத்து. அப்பா, அம்மா, மாமா, தலைமையாசிரியர், மழை, நெல் எல்லாமே மேல் கோட்டைத் தொட்டன. 'நான்' என்பதை மட்டும் மரியாதையாகச் சின்ன எழுத்தில் எழுதினேன். தன்னைத்தானே பெரிதாகப் போட்டுக்கொள்வது என்ன பழக்கம்?

இங்கே வந்து பார்த்தால் எல்லாம் தலைகீழ். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி மார்கரெட் என்று ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற ஆசிரியை. செவ்வாய்க்கிழமை காலையில் நூலகத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு இலவசமாக வகுப்பு எடுக்கிறார். 'நான்' என்று எழுதும்போது வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் பெரிய எழுத்துத்தான் என்றார் அவர். எங்கள் மலையில் அப்படி ஒருவன் தன்னை எழுதிக்கொண்டால் சந்தையில் யாரும் அவனோடு பேசமாட்டார்கள். மழைக்குப் பெரிய எழுத்து இல்லை, திங்கட்கிழமைக்கு உண்டு. திங்கட்கிழமை அப்படி என்ன செய்தது என்று கேட்டேன். அதற்கென்று தனிப் பெயர் இருக்கிறது, அதனால்தான் என்றார்.

"அவ்வளவுதான் விதி, தங்கராசு. பொதுவான பொருளுக்குச் சின்ன எழுத்து. தனிப் பெயர் இருந்தால் பெரிய எழுத்து. ஆறு என்றால் சின்னது, அந்த ஆற்றுக்குப் பெயர் இருந்தால் பெரியது."

"மரத்துக்குப் பெயர் வைத்திருந்தால்?"

"தாராளமாகப் பெரிய எழுத்துப் போடலாம்" என்றார். யார் மரத்துக்குப் பெயர் வைப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

3

எங்கள் வளவில், அதாவது மலைக் குடியிருப்பில், மரத்துக்குப் பெயர் வைப்பார்கள். எல்லா மரத்துக்கும் இல்லை, யாராவது விழுந்த மரத்துக்கு மட்டும். மிளகு பறிக்க, பலா இறக்க என்று நாள் முழுக்க ஏறிக்கொண்டே இருக்கிற ஆட்களுக்கு விழுவதும் வேலையில் சேர்ந்ததுதான். ஒரு மரத்திலிருந்து முதலில் விழுந்து, பிழைத்து எழுந்தவர் பெயர் அந்த மரத்துக்கு. உயிரை எடுக்காமல் கீழே இறக்கிவிட்ட மரம் என்று ஒரு மரியாதை. அந்த ஆள் இருக்கும்வரை மரத்தை வெட்டமாட்டார்கள்.

பெயர் வைத்த பிறகு 'மரம்' என்ற சொல்லே பேச்சில் வராது. எங்கள் பெரியப்பா விழுந்த பலா சடையன். "சடையன் இந்த வருசம் பிஞ்சு கம்மியா வெச்சிருக்கான்" என்பார்கள். ஓடையோரத்துப் பலாவுக்குத் தபால்காரன் என்று பெயர். கடிதம் கொடுக்க வந்தவர் பழ வாசத்தில் மயங்கி ஏறிய கதை அது. புதிதாக வந்த வேளாண் அலுவலர் ஒருவரிடம் என் அண்ணன், "தபால்காரனுக்கு உள்ளாற பூச்சி உழுந்துருச்சுங்க, மருந்து குடுங்க" என்று கேட்க, அவர் ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லியிருக்கிறார்.

நானும் சின்ன வயதிலிருந்து ஏறியிருக்கிறேன். ஒருமுறைகூட விழுந்ததில்லை. அதனால் ஊரில் என் பெயரில் ஒரு மரமும் இல்லை. அந்தக் குறை இங்கே வந்துதான் தீர்ந்தது.

4

வந்த முதல் இலையுதிர் காலம். சரோசா வேலைக்குப் போய்விடுவாள். நிலாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் எனக்குப் பேச ஆள் கிடையாது. தெருவில் எதிர்ப்படுபவர்கள் வானிலை பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பதில் சொல்ல நான் வாக்கியத்தைக் கட்டி முடிப்பதற்குள் அவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

வீடுகளுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பேரிமரம். காய் கொட்டி அழுகிக்கொண்டிருந்தது. கொல்லிமலைக்காரனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? ஒரு வாளியோடு ஏறினேன். ஊர் மரம் என்றால் கிளையின் மனசு தெரியும். இது குளிர்தேசத்துக் கிளை, ஒரு முனகல்கூட இல்லாமல் உடைந்தது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

கணுக்கால் முறிந்துவிட்டது. கத்த வேண்டும், ஆனால் ஆங்கிலத்தில் எப்படிக் கத்துவது என்று யோசித்தேன். பிறகு தமிழிலேயே கத்தினேன். அதுவரை வானிலை மட்டும் பேசியவர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். எதிர்வீட்டு லாரி ஓட்டுநர் டேவ் என்னைக் குழந்தையைப் போலத் தூக்கினார். மார்கரெட் காலுக்கு ஐஸ் வைத்துக் கட்டினார். சரோசா வேலைபார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். "மரத்துல ஏறுனீங்களா? இந்த ஊர்லயா?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த ஆறு வாரம் முறை வைத்துச் சூப்பும் ரொட்டியும் வந்தன. நடக்கத் தொடங்கியதும் மார்கரெட் கையோடு நூலக வகுப்புக்கு அழைத்துப்போனார். அங்கே ஒருவர் சொல்லித்தான் ரொட்டித் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. இந்த ஊரில் எனக்கு என்னவெல்லாம் வாய்த்ததோ எல்லாமே அந்த உடைந்த கிளையிலிருந்து தொடங்கியதுதான்.

வழக்கப்படி மரத்துக்குப் பெயர் வைத்தேன். விழுந்தவன் நான். வேறு என்ன பெயர் வைப்பது? வீட்டுக்குள் மூவரும் அப்படித்தான் சொல்வோம். ஒவ்வோர் ஆண்டும் காய்களைப் பறித்து, ஏணி வைத்துத்தான், வீடு வீடாகக் கொண்டுபோய், "தங்கராசு கொடுத்தது" என்று கொடுப்பேன். வாங்குகிறவர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது.

5

இந்த ஆண்டு மொட்டு விடும் சமயத்தில், மரத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை கட்டியிருந்தார்கள். அடிமரம் உள்ளே பொந்தாகிவிட்டது, சுவரில் சாய்கிறது, அகற்றப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் மூன்று வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று நகராட்சியின் அறிவிப்பு.

படித்ததும் ஊரில் இருக்கும் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஏனுங்ணா, இங்க பேரிமரத்த வெட்டப் போறாங்களாம்."

"எந்தப் பேரிமரம்? உன்னைப் போட்டு ஒடச்சுதே, அதா?"

"அதேதானுங்ணா. எம் பேரு வெச்சேனே."

மறுமுனையில் அண்ணன் கோழிகளை விரட்டிவிட்டுத் திரும்ப வந்தார்.

"பேரு வெச்சதை வெட்ட உடலாமா சாமி? நீ இன்னும் குத்துக்கல்லாட்டம் இருக்கறயில்ல. ஆபீஸ்ல போயிச் சொல்லு."

"இங்க போயிச் சொல்ல முடியாதுங்ணா. எழுதிக் குடுக்கோணும்."

"அப்ப எழுது. நீதான் பதினோரு வருசமா இங்கிலீசு படிக்கறயே. அதென்ன கலெக்டர் படிப்பா, இன்னும் முடியலையா?"

மார்கரெட் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். நானே உட்கார்ந்தேன். விதி இப்போது எனக்கு அத்துப்படி. பொதுவான பொருளுக்குச் சின்ன எழுத்து, தனிப் பெயருக்குப் பெரிய எழுத்து. எழுதியதை நிலாவிடம் காட்டினேன். அவளுக்குப் பதினாலு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்லும் வயது. செல்பேசியிலிருந்து ஒரு கண்ணை மட்டும் எடுத்துப் பார்த்தாள்.

"கேப்பிட்டல் எல்லாம் கரெக்ட், அப்பா. வாவ்."

என் வாழ்நாளில் அவளிடம் நான் வாங்கிய முதல் வாவ். அந்தக் கடிதத்தின் தமிழாக்கம் இது:

'மதிப்புக்குரிய ஐயா, தயவுசெய்து தங்கராசுவை வெட்ட வேண்டாம். அவருக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது. அவர் வயிறு காலியாக இருப்பது உண்மைதான். சுவரில் சாய்ந்துகொண்டுதான் நிற்கிறார். ஆனால் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. பனியானாலும் மழையானாலும் வீட்டுக்கு வெளியேதான் இருக்கிறார். அவரை வெட்டிவிடுவார்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இப்படிக்கு, தங்கராசு தங்கராசு.'

பெரிய எழுத்து ஒன்றுகூடத் தப்பவில்லை. மரம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நாங்கள் மூவரும் வாசித்தோம், மூவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

6

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, மழையில் நனைந்துகொண்டு இரண்டு பெண்மணிகள் வாசலில் நின்றார்கள். கழுத்தில் நகராட்சி அட்டை. மூத்தவர் கையில் ஒரு கோப்பு.

"பெரியவர் தங்கராசுவைப் பார்க்க வந்திருக்கிறோம். நீங்கள் மகனா?"

அலுவலர்கள் சந்தில் நிற்பவனைப் பெயர் சொல்லிக் கேட்டதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மகன் மாதிரிதான். வாருங்கள், பின்பக்கம் நிற்கிறார்" என்றேன்.

"இந்த மழையிலா?"

"மழை அவருக்கு நல்லது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு நாளாக வெளியே இருக்கிறார்?"

"நாங்கள் குடிவருவதற்கு முன்பிருந்தே."

"உள்ளே அழைத்துக்கொள்ள நீங்கள் முயன்றதுண்டா?"

இது ஆங்கிலேயருடைய நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு நானும் பெரிதாகச் சிரித்தேன். "உள்ளே கொண்டுவந்தால் கூரையைப் பெயர்த்துவிடுவார்."

மூத்தவர் அதைக் கோப்பில் எழுதிக்கொண்டார். "அவருக்குக் கோபம் வருமா?"

"காற்றடித்தால் கொஞ்சம் ஆடுவார். ஒரேயொருமுறை என் காலை உடைத்திருக்கிறார்."

இளையவர் ஓரடி பின்னால் நகர்ந்தார். மூத்தவர் குரலை இன்னும் தாழ்த்தி, "அதற்குப் பிறகும் அவருக்காக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்" என்றார்.

"விட்டுக்கொடுக்க முடியுமா? அந்தக் கால் உடைந்ததால்தானே எனக்கு இந்தத் தெருவே கிடைத்தது."

சந்துக்கு அழைத்துப்போனேன். இருவரும் மரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தார்கள், சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தார்கள். "எங்கே அவர்?" என்றார் மூத்தவர். நான் அடிமரத்தைத் தட்டிக்கொடுத்து, "இவர்தான்" என்றேன்.

பின்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சரோசாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "ஏனுங்க, கடுதாசில மரங்கற வார்த்தையே இல்லீங்களே!" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே வந்து, ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில் நாலே வரியில் எங்கள் வளவின் வழக்கத்தைச் சொல்லி முடித்தாள். மூத்த பெண்மணி கோப்பை மூடித் தலைக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். யாரோ ஒரு வயதானவரை வெளியே நிறுத்தி, பசியோடு போட்டு, வெட்டப்போகிறார்கள் என்று நினைத்துப் பதறி ஓடிவந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரு கிழவருக்காக மழையில் வந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. "ஒரு சங்கடம். உங்கள் கடிதம் முதியோர் நலப் பிரிவுக்கு வந்துவிட்டது. மரங்களைப் பார்க்கும் பிரிவில் உங்கள் ஆட்சேபம் பதிவாகவே இல்லை. வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. சரியான படிவம் இது. தெருவில் உள்ளவர்கள் கையெழுத்தும் இருந்தால்தான் பரிசீலிப்பார்கள்" என்றார்.

நான்கு நாள். என் இலக்கணத்தால் அவனைக் கிட்டத்தட்ட நானே வெட்டியிருந்தேன்.

7

பள்ளியிலிருந்து வந்த நிலா விஷயத்தைக் கேட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, சோஷியல் சர்வீஸ் நம்ம ஊட்டுக்கு வந்துச்சா? மரத்துக்காகவா? ஸ்கூல்ல தெரிஞ்சா நான் செத்தேன்."

"நான் போயிக் கையெழுத்து வாங்கிட்டு வாரேன் கண்ணு. நீ வர வேண்டாம்."

"நீங்க தனியாப் போனா இன்னும் நாலு ஆபீஸ்காரங்க வருவாங்க" என்றாள். அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு அவளே கிளம்பினாள். "நீங்க வாங்க. ஆனா பேசக் கூடாது."

பேனாவைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். முதல் வீடு டேவ். நிலா ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். என் அப்பா ஒரு மலையிலிருந்து வந்தவர், அங்கே விழுந்தவர் பெயரை மரத்துக்கு வைப்பார்கள், இவர் பத்தடி உயரத்திலிருந்து விழுந்தார் என்று. டேவ் என்னைப் பார்த்தார்.

"பத்து வருடமாக வாளியோடு வந்து 'தங்கராசு கொடுத்தது' என்று சொல்கிறாய். ராஜா மாதிரித் தன்னைத்தானே பெயர் சொல்லிக்கொள்கிற ஆள் என்றல்லவா நினைத்தேன்."

கையெழுத்துப் போட்டார். மனைவியையும் கூப்பிட்டுப் போடச் சொன்னார்.

மூன்றாம் வீட்டில் நான் பதினைந்தடியிலிருந்து விழுந்திருந்தேன். அடுத்த தெரு முனைக்கு வரும்போது முப்பதடி ஆகிவிட்டது. அவ்வளவு உயரம் அந்த மரமே இல்லை. ஆனால் நான் வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். வீட்டில் நான் மலையைப் பற்றி ஆரம்பித்தால் காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொள்கிற பெண், சடையனையும் தபால்காரனையும் பிசகாமல் சொல்லிக்கொண்டு போனாள். இதெல்லாம் எப்போது அவள் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒருவர், மரத்துக்குத் தோட்டக்காரர் பெயர் வைக்காமல் விழுந்தவர் பெயர் ஏன் என்று கேட்டார். நிலா, "எங்கள் ஊரில் அப்படித்தான்" என்றாள்.

எங்கள் ஊர். அவள் அங்கிருந்து கிளம்பும்போது அவளுக்கு மூன்று வயது. நான் மழைக்கோட்டின் தொப்பியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மூன்று வீடு தவிர எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அந்த மூன்றிலும் ஆள் இல்லை. தங்கை வீட்டிலிருந்து திரும்பிய மார்கரெட் என் பழைய கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்ததாலா என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை மாலை நிலாவே படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தாள்.

8

அடுத்த வாரம் மரப் பரிசோதகர் வந்தார். சுத்தியலால் தட்டிக் கேட்டார், ஊசி போன்ற துளைப்பானை உள்ளே விட்டுப் பார்த்தார், சாய்வை அளந்தார். எல்லாவற்றையும் தாளில் குறித்துக்கொண்டார். மருத்துவர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனைப் போல நான் சுவர் ஓரமாக நின்றேன். அவர் போனபிறகு பத்து நாள் தபால் பெட்டியைப் பார்ப்பதே வேலையாக இருந்தது. அண்ணன் தினமும் கூப்பிட்டு, "இருக்கறானா?" என்பார். "இருக்கறானுங்ணா" என்பேன். "நீ?" என்பார்.

இன்று காலை கடிதம் வந்தது. சரோசா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் மட்டும் ஷூவோடு, "படியுங்க, படியுங்க" என்றாள். நான் உறையைக் கிழிப்பதற்குள் நிலா பிடுங்கிக்கொண்டு, முதலில் ஆங்கிலத்தில் படித்து, பிறகு எனக்காகத் தமிழில் சொன்னாள். கிளைகளில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, சுவர்ப்பக்கம் ஒரு முட்டுக் கொடுத்தால் போதும். இப்போதைக்கு வெட்ட வேண்டியதில்லை. மூன்று ஆண்டு கழித்து வந்து மறுபடியும் பார்த்து முடிவு செய்வார்கள்.

"மூணே வருசந்தானா?" என்றேன்.

சரோசா குனிந்து அடுத்த ஷூவின் கயிற்றைக் கட்டினாள்.

"நமக்கு மொதல்ல விசா குடுத்ததும் மூணு வருசந்தானுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்சந்துக்குப் போனேன். அவனிடமும் சொல்ல வேண்டுமல்லவா.